லாக் எந்த இண்டெக்ஸில் போய் விழுகிறது? ஸ்ப்ளங்க் ஃபார்வர்டர் அமைப்புக்கு ஓர் ஆரம்ப விளக்கம்

சர்வரில் ஃபார்வர்டர் (லாக்கை, அதாவது சர்வர் எழுதும் நடவடிக்கைப் பதிவுகளை, ஸ்ப்ளங்குக்கு அனுப்பும் நிரல்) போட்டாயிற்று. அவற்றை வாங்கிச் சேமிக்கும் இண்டெக்ஸரோடு இணைப்பும் கிடைத்துவிட்டது. ஆனால் ‘வெப்’ இண்டெக்ஸில் தேடினால் ஒரு வரிகூட இல்லை. லாக்குகளைச் சேகரித்துத் தேட உதவும் ஸ்ப்ளங்க் மென்பொருளைக் கற்கத் தொடங்குகிற பலரும் சீக்கிரமே வந்து நிற்கிற இடம் இது. பெரும்பாலும் லாக் புறப்பட்டுத்தான் இருக்கும். வேறொரு இண்டெக்ஸில் போய்ச் சேர்ந்திருக்கும், அல்லது இண்டெக்ஸர் அதை வாங்கிக் கீழே போட்டிருக்கும். இரண்டும் சத்தமில்லாமல் நடப்பவை. அப்ளிகேஷன் நிற்காது, சர்வரில் எச்சரிக்கை எதுவும் வராது. மாதங்கள் கழித்து ஏதோ கோளாறை ஆராய்வதற்காகப் பழைய லாக்கைத் தேடும்போதுதான் அது அங்கே இல்லவே இல்லை என்பது தெரியவரும். அதனால்தான் இந்த அமைப்பை முதல் நாளிலேயே ஒழுங்காகச் செய்வது முக்கியம்.

ஒரு குறிப்பு. கோப்புப் பெயர்கள், செட்டிங்குகள், கட்டளைகள் எல்லாவற்றையும் இங்கே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். உண்மையான கோப்பில் அவற்றை ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடும் அங்கே கணக்கு.

இண்டெக்ஸ் என்பது என்ன

இண்டெக்ஸரின் டிஸ்கில் இருக்கும் ஒரு ஃபோல்டர் என்று முதலில் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே வரும் லாக் வரிகள் சுருக்கப்பட்டு, எந்தச் சொல் எங்கே இருக்கிறது என்ற குறிப்போடு ‘பக்கெட்’ எனப்படும் சிறு தொகுதிகளாகச் சேமிக்கப்படுகின்றன. புதிதாக எழுதப்படும் பக்கெட் ‘ஹாட்’. அது நிறைந்தால் ‘வார்ம்’, பிறகு ‘கோல்டு’, கடைசியில் ‘ஃப்ரோசன்’. ஃப்ரோசன் நிலைக்குப் போன பக்கெட்டை எங்கே காப்பகப்படுத்துவது என்று நீங்கள் சொல்லி வைக்காவிட்டால் ஸ்ப்ளங்க் அதை அழித்துவிடும்.

எல்லா லாக்கையும் ஒரே இண்டெக்ஸில் கொட்டினால் என்ன குறைந்துவிடும்? தேடல் மெதுவாகும் என்பது எல்லாரும் சொல்லும் காரணம். உண்மைதான், ஆனால் அதைவிடக் கனமான காரணங்கள் இரண்டு உண்டு. எவ்வளவு காலம் வைத்திருப்பது, யார் பார்க்கலாம் என்ற இரண்டும் இண்டெக்ஸ் வாரியாகத்தான் தீர்மானிக்கப்படுகின்றன.

கால அளவை எடுத்துக்கொள்வோம். ‘ஃப்ரோசன்டைம்பீரியட்இன்செக்ஸ்’ என்ற செட்டிங்கை யாரும் தொடாவிட்டால் அதன் மதிப்பு 188697600 வினாடி, அதாவது 2184 நாள், ஏறக்குறைய 6 ஆண்டு. ‘மேக்ஸ்டோட்டல்டேட்டாசைஸ்எம்பி’ என்பது இண்டெக்ஸ் எடுத்துக்கொள்ளும் மொத்த இடத்தின் வரம்பு. தொடாவிட்டால் 500000 மெகாபைட். இந்த இரண்டில் எது முதலில் எட்டப்படுகிறதோ அது பழைய பக்கெட்டை வெளியே தள்ளும். இப்போது ஒரே இண்டெக்ஸில் ஒரு வெப் சர்வரின் ஆக்சஸ் லாக்கும், யார் எப்போது லாகின் செய்தார்கள் என்ற பாதுகாப்பு லாக்கும் சேர்ந்து விழுகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆக்சஸ் லாக் நாளுக்குப் பல ஜிகாபைட் வரும், பாதுகாப்பு லாக் சில மெகாபைட். ஆக்சஸ் லாக் இடத்தை நிரப்பியதும் பழைய பக்கெட்டுகள் போகும். அவற்றுக்குள் இருந்த பாதுகாப்பு லாக்கும் கூடவே போய்விடும். ஓராண்டு வைத்திருக்க வேண்டியது ஒரு மாதத்தில் காணாமல் போவது இப்படித்தான். கால வரம்பை 365 நாள் என்று சரியாக எழுதியிருந்தாலும் இட வரம்பு அதற்காகக் காத்திருக்காது.

அனுமதியும் அப்படியே. ஒரு ரோலுக்கு (பயனர்களுக்குத் தரும் அனுமதித் தொகுப்புக்கு) எந்தெந்த இண்டெக்ஸைத் தேட அனுமதி என்று சொல்வதுதான் இயல்பான வழி. சம்பள அப்ளிகேஷனின் லாக்கும் வெப் லாக்கும் ஒரே இண்டெக்ஸில் இருந்தால், ஒன்றைக் காட்டி மற்றதை மறைப்பது பெரும்பாடு.

ஆகவே எத்தனை இண்டெக்ஸ் வேண்டும் என்று முடிவெடுக்கும்போது இரண்டே கேள்விகள் போதும்: இந்த லாக்கை எவ்வளவு நாள் வைத்திருக்க வேண்டும், யார் பார்க்கலாம். இரண்டுக்கும் ஒரே பதில் வரும் லாக்குகள் ஓர் இண்டெக்ஸில் சேரலாம். சர்வருக்கு ஓர் இண்டெக்ஸ் என்று பிரிப்பது வீண் வேலை. எந்த சர்வரிலிருந்து வந்தது என்பதைத்தான் ‘ஹோஸ்ட்’ புலம் சொல்லிவிடுகிறதே.

விலாசம் எழுதப்படும் இடம்

சர்வரில் ஓடும் யுனிவர்சல் ஃபார்வர்டர் (ஃபார்வர்டரின் இலகுவான வகை) லாக் கோப்பைப் படிக்கும்போதே ஒவ்வொரு தொகுதி மீதும் நான்கு சீட்டுகளை ஒட்டிவிடுகிறது: ஹோஸ்ட், சோர்ஸ் (எந்தக் கோப்பு), சோர்ஸ்டைப், இண்டெக்ஸ். தபால் உறையில் அனுப்புபவரே விலாசம் எழுதுவதுபோல. இண்டெக்ஸர் அந்தச் சீட்டைப் பார்த்து அந்தந்தப் பெட்டியில் போடுகிறது, அவ்வளவுதான். விலாசம் எழுதப்படாமல் வந்தால் ‘மெயின்’ என்ற இயல்பு இண்டெக்ஸில் போடும். இல்லாத விலாசம் எழுதியிருந்தால்? இண்டெக்ஸரில் ‘லாஸ்ட்சான்ஸ்இண்டெக்ஸ்’ என்ற செட்டிங் இருந்தால் அதில் சொல்லப்பட்ட இண்டெக்ஸில் சேரும். இல்லாவிட்டால் அந்த நிகழ்வு கைவிடப்படும். ஃபார்வர்டரைப் பொறுத்தவரை அனுப்பியாயிற்று, வேலை முடிந்தது. அது திரும்ப அனுப்பாது.

பெயரில் ஓர் எழுத்துப் பிழை எவ்வளவு விலை கேட்கும் என்பது இதிலிருந்து புரிந்திருக்கும். லாஸ்ட்சான்ஸ்இண்டெக்ஸை எல்லா அமைப்பிலும் போட்டு வைக்க வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. அதற்கென்றே சிறிய இண்டெக்ஸ் ஒன்றை உருவாக்கி, அதில் ஏதாவது விழுந்தால் உடனே தகவல் வரும்படி ஓர் அலர்ட் வைத்துவிட்டால் போதும்.

முதலில் இண்டெக்ஸ், பிறகு ஃபார்வர்டர்

இந்த வரிசையை மாற்றாதீர்கள். ஃபார்வர்டரை முதலில் தொடங்கிவிட்டால், இண்டெக்ஸ் உருவாகும் வரை வந்ததெல்லாம் மேலே சொன்னபடி தொலைந்துபோகும்.

பெயரில் சிறிய ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு, சிறுகோடு மட்டும்தான் வரலாம். அடிக்கோட்டிலோ சிறுகோட்டிலோ தொடங்கக் கூடாது. ‘கேவிஸ்டோர்’ என்ற சொல் பெயருக்குள் எங்கும் வரக் கூடாது. பெயர் வைத்தபின் மாற்றுவது கடினம் என்பதால், ‘வெப்_புரொட்’, ‘வெப்_டெஸ்ட்’, ‘ஓஎஸ்_லினக்ஸ்’, ‘செக்_லாகின்’ என்று பார்த்ததும் புரியும் முறை ஒன்றைத் தொடக்கத்திலேயே வகுத்துக்கொள்ளுங்கள்.

இண்டெக்ஸர் ஒன்றே ஒன்று என்றால் வெப் திரையில் அமைப்புகள் பகுதிக்குப் போய் உருவாக்கலாம், அல்லது இண்டெக்ஸஸ்.கான்ஃப் கோப்பில் இப்படி எழுதலாம்:

[வெப்_புரொட்]
ஹோம்பாத் = $ஸ்ப்ளங்க்_டிபி/வெப்_புரொட்/டிபி
கோல்டுபாத் = $ஸ்ப்ளங்க்_டிபி/வெப்_புரொட்/கோல்டுடிபி
தாவ்டுபாத் = $ஸ்ப்ளங்க்_டிபி/வெப்_புரொட்/தாவ்டுடிபி
ஃப்ரோசன்டைம்பீரியட்இன்செக்ஸ் = 7776000
மேக்ஸ்டோட்டல்டேட்டாசைஸ்எம்பி = 200000

7776000 என்பது 90 நாள். இட வரம்பை ஊகித்து எழுதாமல், ஒரு வாரம் ஓடவிட்டு நாளொன்றுக்கு டிஸ்கில் எவ்வளவு சேர்கிறது என்று பார்த்து, அதை 90ஆல் பெருக்கி, கொஞ்சம் கூடுதலாக வையுங்கள். பல இண்டெக்ஸர்கள் ஒரு கிளஸ்டராக (நகல்களைப் பகிர்ந்துகொள்ளும் குழுவாக) இருந்தால் இந்தக் கோப்பை ஒவ்வொரு இண்டெக்ஸரிலும் கையால் எழுதக் கூடாது. கிளஸ்டரை நிர்வகிக்கும் மேனேஜர் நோடில் வைத்து, ‘ரெப்ஃபேக்டர் = ஆட்டோ’ என்ற வரியையும் சேர்த்து, அங்கிருந்து எல்லா இண்டெக்ஸருக்கும் தள்ள வேண்டும். அந்த வரி விடுபட்டால் இண்டெக்ஸ் உருவாகும், ஆனால் அதன் நகல்கள் மற்ற இண்டெக்ஸர்களில் சேராது.

இண்டெக்ஸரில் ஃபார்வர்டர்களுக்காகக் கதவு திறந்திருக்க வேண்டும். வழக்கமாக 9997 போர்ட். ‘ஸ்ப்ளங்க் இனேபிள் லிசன் 9997’ என்ற கட்டளை அதைச் செய்துவிடும். இடையில் உள்ள ஃபயர்வாலிலும் அதைத் திறக்க மறந்துவிட வேண்டாம்.

இன்புட்ஸ்.கான்ஃப்: எல்லாம் இங்கேதான்

எதைப் படிப்பது, எங்கே அனுப்புவது என்பதை ஃபார்வர்டருக்குச் சொல்லும் கோப்பு இது. ஒரு வெப் சர்வருக்கு இவ்வளவு போதும்:

[மானிட்டர்:///வார்/லாக்/என்ஜின்எக்ஸ்/ஆக்சஸ்.லாக்]
இண்டெக்ஸ் = வெப்_புரொட்
சோர்ஸ்டைப் = என்ஜின்எக்ஸ்_ஆக்சஸ்
டிஸேபிள்டு = 0

முதல் வரியில் மூன்று சாய்கோடுகள் இருப்பதைக் கவனியுங்கள். இரண்டு ‘மானிட்டர்’ என்ற சொல்லோடு வருபவை, மூன்றாவது லினக்ஸ் பாதையின் தொடக்கம். ஒன்றை விட்டுவிட்டால் பாதையே தவறாகி எதுவும் படிக்கப்படாது.

அடுத்த வரிதான் இந்தக் கட்டுரையின் மையம். ஒவ்வொரு ஸ்டான்ஸாவிலும் (சதுர அடைப்புத் தலைப்போடு தொடங்கும் பகுதியிலும்) ‘இண்டெக்ஸ்’ வரியை வெளிப்படையாக எழுதுங்கள். மெயினுக்குத்தான் போக வேண்டும் என்றாலும் எழுதுங்கள். எழுதாமல் விட்டால் பிற்பாடு கோப்பைப் பார்ப்பவருக்கு, வேண்டுமென்றே விட்டதா, மறந்து விட்டதா என்று தெரியாது.

சோர்ஸ்டைப்பும் அதே அளவு அவசியம். லாக்கின் வடிவம் என்ன, வரிகளை எங்கே வெட்டுவது, நேரத்தை எங்கிருந்து எடுப்பது என்ற விதிகள் சோர்ஸ்டைப்பைத்தான் பற்றி நிற்கின்றன. அதைச் சொல்லாவிட்டால் ஸ்ப்ளங்க் தானே ஊகிக்கும். ஊகம் தவறும்போது ‘ஆக்சஸ்-டூ_ஸ்மால்’ போன்ற விநோதப் பெயர்கள் முளைப்பதைப் பார்க்கலாம். இண்டெக்ஸையும் சோர்ஸ்டைப்பையும் குழப்பிக்கொள்வது புதியவர்களிடம் சகஜம். லாக் எங்கே இருக்கிறது என்பதை இண்டெக்ஸ் சொல்லும், எப்படிப்பட்டது என்பதை சோர்ஸ்டைப் சொல்லும். ஒரே சோர்ஸ்டைப் பல இண்டெக்ஸ்களில் இருக்கலாம். புரொடக்‌ஷனும் டெஸ்டும் அப்படித்தானே இருக்கும்.

இந்தக் கோப்புகளில் ஒரு வரியின் பின்னால் குறிப்பு எழுத முடியாது என்பது பலருக்குத் தெரியாத விஷயம். ‘இண்டெக்ஸ் = வெப்_புரொட் # புது இண்டெக்ஸ்’ என்று எழுதினால், # முதல் கடைசி வரை உள்ளதும் சேர்ந்து இண்டெக்ஸின் பெயராக எடுத்துக்கொள்ளப்படும். அப்படி ஓர் இண்டெக்ஸ் இல்லை, ஆகவே லாக் போய்விடும். குறிப்பு வேண்டுமானால் தனி வரியில், # அடையாளத்தோடு தொடங்கி எழுத வேண்டும்.

ஒரு ஃபோல்டர் முழுவதையும் படிக்கச் சொன்னால், அதில் வேண்டியவற்றை மட்டும் எடுக்க ‘ஒயிட்லிஸ்ட்’, வேண்டாதவற்றைத் தள்ள ‘பிளாக்லிஸ்ட்’ உண்டு. இரண்டுமே ரெகுலர் எக்ஸ்பிரஷன் (சுருக்கமாக ரீஜெக்ஸ், எழுத்து வடிவத்தைப் பொருத்திப் பார்க்கும் குறியீடு). முழுப் பாதையோடு ஒப்பிட்டுப் பார்க்கப்படும். கமாண்ட் லைனில் பழகிய கையோடு ‘*.லாக்’ என்று எழுதினால் நினைத்தது நடக்காது, ‘\.லாக்$’ என்று எழுத வேண்டும். பாதைக்குள் வரும் * ஒரு ஃபோல்டர் அளவுக்கு மட்டும் பொருந்தும். எத்தனை அடுக்கு ஆழமானாலும் பொருந்த வேண்டுமென்றால் மூன்று புள்ளிகள், அதாவது ‘...’ போட வேண்டும்.

ஃபோல்டருக்கு ஒரு ஸ்டான்ஸா, அதே ஃபோல்டருக்குள் உள்ள ஒரு கோப்புக்குத் தனி இண்டெக்ஸோடு இன்னொரு ஸ்டான்ஸா என்று எழுதும் நிலை அடிக்கடி வரும். ஒரு கோப்பை ஃபார்வர்டர் ஒரு முறைதான் படிக்கும், இரண்டு இண்டெக்ஸுக்கும் அனுப்பாது. எது வெல்லும் என்று ஊகித்துக்கொண்டிருக்காமல், ஃபோல்டர் ஸ்டான்ஸாவில் அந்தக் கோப்பை பிளாக்லிஸ்ட் செய்துவிடுங்கள். ஒரு கோப்புக்கு ஒரே ஸ்டான்ஸா பொருந்துகிற மாதிரி எழுதினால் பாதிக் குழப்பம் போய்விடும்.

ரௌட்டர், ஸ்விட்ச், ஃபயர்வால் போன்ற கருவிகளில் ஃபார்வர்டர் போட முடியாது. அவை சிஸ்லாக் (லாக்கை நெட்வொர்க்கில் அனுப்பும் பொது முறை) வழியாக, வழக்கமாக 514 போர்ட்டுக்கு அனுப்பும். அதை நேராக ஸ்ப்ளங்கில் வாங்க வழி உண்டு. ஆனால் ஸ்ப்ளங்க் ரீஸ்டார்ட் ஆகும் அந்தச் சில நிமிடங்களில் யுடிபி (சேர்ந்ததா என்று உறுதிசெய்யாமல் அனுப்பும் முறை) வழியே வந்த லாக் திரும்பக் கிடைக்காது. ஆர்சிஸ்லாக் அல்லது சிஸ்லாக்-என்ஜி என்ற சிஸ்லாக் சர்வர் நிரல் கொண்டு கருவி வாரியாகக் கோப்பில் எழுதவைத்து, அந்தக் கோப்பை ஃபார்வர்டர் படிக்கும்படி செய்வதே நிலையான வழி. /வார்/லாக்/ரிமோட்/ஃபயர்வால்/ என்ற ஃபோல்டருக்குள் கருவியின் பெயரில் ஒரு ஃபோல்டர் என்று வைத்தால், ‘ஹோஸ்ட்_செக்மென்ட் = 5’ என்ற ஒரு வரி போதும், பாதையின் ஐந்தாவது பகுதியை ஹோஸ்ட் பெயராக எடுத்துக்கொள்ளும். இல்லாவிட்டால் எல்லாக் கருவியின் லாக்கும் சிஸ்லாக் சர்வரின் பெயரிலேயே வந்து சேரும்.

அவுட்புட்ஸ்.கான்ஃப்

இது எளிது. இண்டெக்ஸர்கள் எங்கே இருக்கின்றன என்பது மட்டும்:

[டிசிபிஅவுட்]
டிஃபால்ட்குரூப் = பிரதான_குழு

[டிசிபிஅவுட்:பிரதான_குழு]
சர்வர் = 10.0.0.11:9997, 10.0.0.12:9997
யூஸ்ஏக் = ட்ரூ

இரண்டு இண்டெக்ஸர் கொடுத்தால் ஃபார்வர்டர் ஏறக்குறைய 30 வினாடிக்கு ஒரு முறை மாற்றி மாற்றி அனுப்பும். எனவே இண்டெக்ஸ் இரண்டிலும் இருக்க வேண்டும். ஒன்றில் மட்டும் உருவாக்கிவிட்டு மற்றதை மறந்தால் லாக் ஏறக்குறைய பாதியளவு மட்டும் வரும். முழுதாக வராததைவிடக் கண்டுபிடிக்கக் கடினமான கோளாறு அது. ‘யூஸ்ஏக்’ போட்டால், கிடைத்தது என்று இண்டெக்ஸர் சொல்லும் வரை ஃபார்வர்டர் தன் பிரதியை வைத்திருக்கும்.

ஒரே கோப்பிலிருந்து இரண்டு இண்டெக்ஸுக்கு

ஓர் அப்ளிகேஷன் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் எழுதுகிறது. அதில் லாகின் தொடர்பான வரிகள் மட்டும் ‘செக்_லாகின்’ இண்டெக்ஸுக்குப் போக வேண்டும். இன்புட்ஸ்.கான்ஃபில் இதைச் செய்ய முடியாது, ஏனென்றால் அங்கே எழுதும் விலாசம் கோப்பு முழுவதற்கும் பொருந்தும். இதற்கு ப்ராப்ஸ்.கான்ஃப், டிரான்ஸ்ஃபார்ம்ஸ்.கான்ஃப் என்ற இரண்டு கோப்புகள் வேண்டும்.

ப்ராப்ஸில்:

[ஆப்_லாக்]
டிரான்ஸ்ஃபார்ம்ஸ்-ரூட் = லாகினைப்_பிரி

டிரான்ஸ்ஃபார்ம்ஸில்:

[லாகினைப்_பிரி]
ரீஜெக்ஸ் = லாகின்\s+(ஃபெயில்டு|சக்ஸஸ்)
டெஸ்ட்_கீ = _மெட்டாடேட்டா:இண்டெக்ஸ்
ஃபார்மேட் = செக்_லாகின்

டெஸ்ட்_கீயில் உள்ள ‘டெஸ்ட்’ என்பது சோதனை அல்ல, ‘டெஸ்டினேஷன்’ என்பதன் சுருக்கம். இப்போது இதை எங்கே வைப்பது? யுனிவர்சல் ஃபார்வர்டரில் வைத்தால் ஒன்றும் நடக்காது. பிழையும் காட்டாது. யுனிவர்சல் ஃபார்வர்டர் லாக்கைத் தனித்தனி நிகழ்வுகளாக வெட்டுவதே இல்லை, பெரிய துண்டுகளாக அப்படியே அனுப்புகிறது. ஒவ்வொரு நிகழ்வையும் தனியாகப் பார்த்தால்தானே ரீஜெக்ஸ் போட முடியும்? ஜேசன், சிஎஸ்வி போன்ற கட்டமைப்புள்ள லாக்கை ‘இண்டெக்ஸ்டு_எக்ஸ்ட்ராக்‌ஷன்ஸ்’ கொண்டு அங்கேயே பிரிக்கச் சொல்வது மட்டும் விதிவிலக்கு. மற்றபடி அந்த வெட்டும் வேலை, வழியில் முதலில் வரும் முழு ஸ்ப்ளங்கில் நடக்கிறது. நேராக இண்டெக்ஸருக்கு அனுப்பினால் இண்டெக்ஸரில் வையுங்கள். நடுவில் ஹெவி ஃபார்வர்டர் (அனுப்பும் வேலைக்கு வைத்த முழு ஸ்ப்ளங்க்) இருந்தால் அதில் வைக்க வேண்டும். அங்கே வெட்டி முடிந்துவிட்டதால், இண்டெக்ஸரில் வைத்தது தொடப்படாது. ‘எல்லாம் சரியாக எழுதியும் வேலை செய்யவில்லை’ என்ற புகாருக்குப் பின்னால் பெரும்பாலும் இந்த இடத் தவறுதான் இருக்கும்.

தேவையே இல்லாத வரிகளைத் தள்ளவும் இதே முறைதான். டெஸ்ட்_கீ இடத்தில் ‘க்யூ’, ஃபார்மேட் இடத்தில் ‘நல்க்யூ’ என்று எழுதினால் அந்த நிகழ்வு எங்கும் சேமிக்கப்படாது. ரீஜெக்ஸை நன்றாகச் சோதித்த பிறகே இதைச் செய்யுங்கள். தள்ளியது தள்ளியதுதான்.

எழுதியது ஒன்று, நடப்பது வேறு

இன்புட்ஸ்.கான்ஃப் என்ற பெயரில் ஒரே ஃபார்வர்டரில் பல கோப்புகள் இருக்கும். ஸ்ப்ளங்க் எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து படிக்கிறது. ஒரே ஸ்டான்ஸா இரண்டு கோப்பில் இருந்தால், வரிக்கு வரி ஒப்பிட்டு முன்னுரிமை உள்ளதை எடுத்துக்கொள்ளும். முன்னுரிமை வரிசை: சிஸ்டம் ஃபோல்டரின் லோக்கல், அடுத்து ஆப்களின் (அமைப்புக் கோப்புகளைத் தொகுத்து வைக்கும் ஃபோல்டர்களின்) லோக்கல், அடுத்து ஆப்களின் டிஃபால்ட், கடைசியாக சிஸ்டத்தின் டிஃபால்ட். இரண்டு ஆப்கள் மோதினால் பெயர் வரிசையில் முன்னால் வருவது வெல்லும். அந்த வரிசையில் எண், பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்று போகும்.

நடைமுறையில் இதன் விளைவு: ‘ஸ்ப்ளங்க் ஆட் ஃபார்வர்ட்-சர்வர்’ கட்டளை கொடுத்து ஒருவர் இண்டெக்ஸரைச் சேர்த்திருந்தால் அது சிஸ்டம் லோக்கலில் போய் உட்கார்ந்திருக்கும். பிறகு டிப்ளாய்மென்ட் சர்வர் (ஃபார்வர்டர்களுக்கு அமைப்புக் கோப்புகளை வழங்கும் ஸ்ப்ளங்க்) வழியாக ஆப்பில் அனுப்பும் அவுட்புட்ஸ்.கான்ஃப் எவ்வளவு சரியாக இருந்தாலும் அதை வெல்லாது. அதனால் சிஸ்டம் லோக்கலைக் காலியாக வைத்து, எல்லாவற்றையும் ஆப்களில் வைப்பதே நல்ல பழக்கம்.

எது நடப்பில் இருக்கிறது என்று பார்க்க ஒரு கட்டளை உண்டு: ‘ஸ்ப்ளங்க் பிடூல் இன்புட்ஸ் லிஸ்ட் --டீபக்’. எந்த வரி எந்தக் கோப்பிலிருந்து வந்தது என்று ஒவ்வொன்றின் எதிரிலும் காட்டும். ஆனால் அது டிஸ்கில் உள்ள கோப்புகளைப் படித்துச் சொல்கிறது. ஃபார்வர்டரை ரீஸ்டார்ட் செய்திருக்காவிட்டால், ஓடிக்கொண்டிருப்பது பழையதாகவே இருக்கும்.

சர்வர்கள் பெருகியதும் டிப்ளாய்மென்ட் சர்வர் தவிர்க்க முடியாதது. ‘லினக்ஸ் வெப்’, ‘விண்டோஸ் டொமைன்’ என்று சர்வர் கிளாஸ்கள் (ஃபார்வர்டர் குழுக்கள்) வகுத்து, ஒவ்வொன்றுக்கும் உரிய இன்புட்ஸ் ஆப்பை இணைத்துவிட்டால் எல்லா ஃபார்வர்டரும் 8089 போர்ட் வழியாகக் கேட்டு வாங்கிக்கொள்ளும். தொடாவிட்டால் 60 வினாடிக்கு ஒரு முறை கேட்கும். இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். சர்வர் கிளாஸில் ஆப்புக்கு ‘ரீஸ்டார்ட் ஸ்ப்ளங்க்டி’ என்பதை இயக்காவிட்டால் கோப்பு போய்ச் சேரும், செயலுக்கு வராது. அனுப்பிய ஆப்பில் யாராவது சர்வரில் உட்கார்ந்து கையால் திருத்தினால், ஆப்பின் அடுத்த பதிப்பு வரும்போது அந்தத் திருத்தம் அழிந்துவிடும்.

லாக் வரவில்லையென்றால் எங்கிருந்து தொடங்குவது

ஃபார்வர்டர் தன் சொந்த லாக்கை ‘_இன்டர்னல்’ இண்டெக்ஸுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். ஆகவே முதல் தேடல்: ‘இண்டெக்ஸ்=_இன்டர்னல் ஹோஸ்ட்=சர்வர்பெயர்’. இதில் ஏதாவது வந்தால் இணைப்பு, போர்ட், ஃபயர்வால் எல்லாம் சரி. பிரச்சினை இன்புட்ஸில் இருக்கிறது. எதுவும் வராவிட்டால் இன்புட்ஸை நோண்டிப் பயனில்லை. சர்வரில் ‘ஸ்ப்ளங்க் லிஸ்ட் ஃபார்வர்ட்-சர்வர்’ கொடுத்து, இண்டெக்ஸர் இயங்கும் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். இந்த ஒரு தேடலைச் செய்யாமல் மணிக்கணக்கில் தவறான இடத்தைத் தோண்டுபவர்கள் நிறைய. வர்ச்சுவல் மெஷினை நகலெடுத்து உருவாக்கிய சர்வராக இருந்தால், மூல மெஷினின் ஹோஸ்ட் பெயரிலேயே லாக் வந்துகொண்டிருக்கவும் கூடும். முதல் முறை ஓடும்போது எழுதப்பட்ட பெயர் நகலிலும் தங்கிவிடுவதுதான் காரணம். நகலெடுப்பதற்கு முன் ‘ஸ்ப்ளங்க் க்ளோன்-ப்ரெப்-க்ளியர்-கான்ஃபிக்’ கொடுக்க வேண்டும்.

இணைப்பு சரி என்றால் ‘ஸ்ப்ளங்க் லிஸ்ட் இன்புட்ஸ்டேட்டஸ்’ கொடுங்கள். ஒவ்வொரு கோப்பும் எவ்வளவு படிக்கப்பட்டது என்று காட்டும். உங்கள் கோப்பு அதில் இல்லையென்றால் பாதை தவறு, அல்லது படிக்க அனுமதி இல்லை. ஃபார்வர்டர் ரூட்டாக ஓடாமல் தனிப் பயனராக ஓடுவதே பாதுகாப்பு. ஆனால் அந்தப் பயனரால் /வார்/லாக்/ கீழுள்ள பல கோப்புகளைத் திறக்க முடியாது. டெபியன், உபுண்டுவில் பெரும்பாலும் ‘ஏடிஎம்’ (adm) குழுவில் சேர்த்தாலே தீரும். மற்ற இடங்களில் ‘செட்எஃப்ஏசிஎல்’ கொண்டு படிக்க மட்டும் அனுமதி கொடுக்கலாம். லாக்ரொட்டேட் (பழைய லாக்கை ஒதுக்கிப் புதியதைத் தொடங்கும் நிரல்) புதுக் கோப்பு உருவாக்கும்போது அந்த அனுமதி அதில் இல்லாமல் போகலாம் என்பதால், ரொட்டேட் முடிந்ததும் திரும்பக் கொடுக்கும் வரியையும் அங்கேயே எழுத வேண்டும். ‘நேற்று வரை வந்தது, நள்ளிரவோடு நின்றுவிட்டது’ என்றால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

கோப்பு ஏற்கெனவே படித்ததா, புதியதா என்பதை ஃபார்வர்டர் அதன் முதல் 256 பைட்டைக் கொண்டு அடையாளம் காண்கிறது. ஒவ்வொரு கோப்பும் ஒரே மாதிரியான நீளத் தலைப்போடு தொடங்கினால், இரண்டாவது கோப்பையும் முதலாவது என்றே நினைத்துத் தாண்டிவிடும். ‘இனிட்சிஆர்சிலெங்த்’ மதிப்பைத் தலைப்பைத் தாண்டும் அளவுக்கு, உதாரணமாக 1024 என்று கூட்டினால் சரியாகும். கோப்பின் பெயரையும் சேர்த்துக் கணக்கிடச் சொல்லும் ‘சிஆர்சிசால்ட்’ வழியைப் பலர் பரிந்துரைப்பார்கள். பெயர் மாறிச் சுழலும் கோப்புகளில் அதைப் போட்டால் ஒரே லாக் திரும்பத் திரும்ப ஏறும்.

படிக்கிறது, அனுப்புகிறது, ஆனாலும் இண்டெக்ஸில் இல்லை என்றால், இண்டெக்ஸரின் ஸ்ப்ளங்க்டி.லாக்கில் ‘அன்கான்ஃபிகர்டு’ என்ற சொல்லைத் தேடுங்கள். உருவாக்கப்படாத இண்டெக்ஸுக்கு லாக் வந்தது என்று பெயரோடு அங்கே எழுதியிருக்கும். அதுவும் இல்லையென்றால் எங்கே விழுந்திருக்கிறது என்று மொத்தமாகப் பாருங்கள்: ‘| டிஸ்டாட்ஸ் கவுண்ட் வேர் இண்டெக்ஸ்=* பை இண்டெக்ஸ், ஹோஸ்ட், சோர்ஸ்டைப்’. நேர வரம்பை ‘எல்லாக் காலமும்’ என்று வையுங்கள். டைம் ஸோன் தவறாகப் படிக்கப்பட்ட லாக் சில மணி நேரம் எதிர்காலத்தில் போய் உட்கார்ந்திருந்தால், ‘கடைசி 15 நிமிடம்’ என்ற தேடலில் அகப்படாது. தேடும்போது இண்டெக்ஸ் பெயரைக் குறிப்பிடாவிட்டால், ரோலில் மாற்றி வைக்காத வரை, மெயின் மட்டுமே தேடப்படும். லாக் பத்திரமாக இருந்தும் ‘வரவில்லை’ என்று நினைக்க இதுவே போதும்.

எல்லாம் வருகிறது, ஆனால் மணிக்கணக்கில் தாமதம் என்றால் அது வேறு கோளாறு. யுனிவர்சல் ஃபார்வர்டர் இயல்பில் வினாடிக்கு 256 கிலோபைட்டுக்கு மேல் அனுப்பாது. நாளுக்குச் சுமார் 21 ஜிகாபைட். அதற்கு மேல் எழுதும் சர்வரில் லிமிட்ஸ்.கான்ஃபின் ‘மேக்ஸ்கேபிபிஎஸ்’ மதிப்பைக் கூட்ட வேண்டும். 0 என்று வைத்தால் வரம்பே இல்லை. நெட்வொர்க் தாங்குமா என்று பார்த்துச் செய்யுங்கள்.

தவறான இண்டெக்ஸில் ஏற்கெனவே விழுந்ததை என்ன செய்வது

இன்புட்ஸைத் திருத்தினால் அந்த நொடியிலிருந்து வருவதுதான் புது இண்டெக்ஸுக்குப் போகும். பழையது இருந்த இடத்திலேயே இருக்கும். ஓர் இண்டெக்ஸிலிருந்து குறிப்பிட்ட நிகழ்வுகளை மட்டும் இன்னொன்றுக்கு நகர்த்தும் கட்டளை கிடையாது. ‘டெலீட்’ கட்டளை தேடலிலிருந்து மறைக்குமே தவிர டிஸ்கில் ஒரு பைட்டைக்கூட விடுவிக்காது. மூலக் கோப்பு இன்னும் சர்வரில் இருந்தால் மறுபடி படிக்கவைக்கலாம். ஆனால் அது லைசென்ஸ் அளவில் இரண்டாம் முறையும் கணக்காகும், பழைய பிரதியை மறைக்காவிட்டால் எண்ணிக்கைகள் இரட்டிப்பாகும்.

பல சமயம் அதைத் தொடாமல் விடுவதே மேல். மாற்றம் செய்த தேதியைக் குறித்து வைத்துக்கொண்டு, அந்தத் தேதியின் லாக் பழைய இண்டெக்ஸில் காலாவதியாகும் வரை ‘(இண்டெக்ஸ்=மெயின் ஆர் இண்டெக்ஸ்=வெப்_புரொட்) சோர்ஸ்டைப்=என்ஜின்எக்ஸ்_ஆக்சஸ்’ என்று இரண்டையும் சேர்த்துத் தேடுங்கள். டாஷ்போர்டுகளிலும் அலர்ட்டுகளிலும் இண்டெக்ஸ் பெயரை நேராக எழுதாமல் ஒரு மேக்ரோவில் (பெயரிட்டுச் சேமித்த தேடல் துணுக்கில்) வைத்திருந்தால், இந்த மாற்றத்தையும் பிறகு அதை நீக்குவதையும் ஒரே இடத்தில் செய்து முடிக்கலாம்.